வசதியின் விலையை யார் கொடுக்கிறார்கள்?

அமெரிக்காவில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களிடம் ஊரில் விட்டுவந்தவற்றுள் எதற்காக அதிகம் ஏங்குகிறீர்கள் என்று கேட்டால், முதலில் வரும் விடை பெரும்பாலும் உணவைப் பற்றியதாக இருக்கும். பேச்சு சற்று நீளுமானால் பட்டியல் மாறிவிடும். விடியற்காலையில் வாசலுக்கு வரும் பால், பத்துப் பாத்திரம் தேய்க்க வரும் அம்மா, தெருமுனை இஸ்திரி வண்டி, கூப்பிட்ட குரலுக்கு வரும் ஆட்டோ, குழாய் ஒழுகினால் அரை மணி நேரத்தில் வந்து நிற்கும் பிளம்பர், பிள்ளையைச் சற்று நேரம் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு மாமி என்று அது நீண்டுகொண்டே போகும்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் இந்தப் பட்டியல் எனக்கு ஆர்வமூட்டுகிறது. என் மகள் குடும்பம் நியூ ஜெர்ஸி மாநிலத்தில் வசிக்கிறது. நானும் என் மனைவியும் இரண்டு முறை, முறைக்கு ஆறு மாதங்கள் அங்கே தங்கியிருந்தோம். அங்கு கண்டதையும் கேட்டதையும் வைத்துப் பார்க்கையில், ஏக்கம் என்று நாம் சொல்வதில் இரு வேறு பொருள்கள் கலந்திருப்பதாகத் தோன்றுகிறது. ஒன்று, சரக்குகளுக்கான ஏக்கம். மற்றொன்று, பிறருடைய நேரத்துக்கான ஏக்கம். முதலாவது விரைவில் தீர்ந்துவிடுகிறது. இரண்டாவதோ தீருவதே இல்லை. அது ஏன் தீருவதில்லை என்பதில் நம் சமூகத்தைப் பற்றிய ஓர் உண்மை அடங்கியிருக்கிறது.

கடல் கடக்கும் சரக்குகள்

நியூ ஜெர்ஸியின் எடிசன் நகரத்து ஓக் ட்ரீ சாலையில் நடந்தால் புளியும் பெருங்காயமும் பொன்னி அரிசியும் கிடைக்கின்றன. உறைநிலையில் முருங்கைக்காயும் பரோட்டாவும் கிடைக்கின்றன. புவிசார் குறியீடு பெற்ற கோவை கிரைண்டர், அமெரிக்க மின்னழுத்தத்துக்கு ஏற்ப மாற்றி வடிவமைக்கப்பட்டு, அங்குள்ள சமையலறைகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. குளிர்காலத்தில் இட்லி மாவு புளிக்காது என்ற சிக்கலுக்கும் நம் பெண்கள் வழி கண்டுவிட்டார்கள். மாவுப் பாத்திரத்தை அடுப்பறை அவனுக்குள் வைத்து, சூட்டைப் போடாமல் உள்விளக்கை மட்டும் எரியவிட்டால், அந்த இளஞ்சூட்டில் மாவு காலையில் பொங்கி நிற்கும்.

எல்லாச் சரக்கும் இவ்வளவு எளிதில் எல்லை கடப்பதில்லை. பச்சைக் கறிவேப்பிலையை அமெரிக்காவுக்குக் கொண்டுசெல்லத் தடை உண்டு. எலுமிச்சை, ஆரஞ்சு இவற்றின் தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தது கறிவேப்பிலை. ஆரஞ்சு மரங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் ஒருவகைப் பூச்சி அதன் இலையில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும் என்ற அச்சமே தடைக்குக் காரணம். இந்திய மாம்பழத்துக்கும் நெடுங்காலம் இத்தகைய தடை இருந்து, 2007-இல்தான் கதிர்வீச்சுச் சுத்திகரிப்பு நிபந்தனையுடன் விலக்கப்பட்டது. ஆயினும் இவையெல்லாம் விதிகள் எழுப்பும் தடைகள். விதி மாறினால் தடை நீங்கும். அல்லது கறிவேப்பிலைச் செடியைத் தொட்டியில் வளர்த்து, பனிக்காலத்தில் வீட்டுக்குள் கொண்டுவந்து காப்பாற்றிவிடலாம். பலர் அப்படித்தான் செய்கிறார்கள்.

வணிகம் செய்யத்தக்க பொருளின் விலை உலகெங்கும் ஒன்றையொன்று நெருங்கிவரும் என்பது பொருளாதாரத்தின் பழைய பாடம். போக்குவரத்துச் செலவையும் வரியையும் கழித்துவிட்டால், எடிசனில் விற்கும் துவரம்பருப்பின் விலை திருச்சி விலையிலிருந்து மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரத்தில் இருக்காது. சரக்கு ஏக்கம் தீர்ந்துபோவதன் காரணம் இதுவே.

கடக்காத நேரம்

சேவைகளின் கதை வேறு. திருச்சியில் ஒருவருக்கு முடிதிருத்த இருபது நிமிடம் ஆகிறது என்றால் நியூ ஜெர்ஸியிலும் அதே இருபது நிமிடம்தான். கத்தரிக்கோலும் ஒன்று, கைத்திறனும் ஒன்று. ஆனால் அங்கே கட்டணம் பல மடங்கு. ஏன்?

1964-இல் பேலா பலாசா, பால் சாமுவேல்சன் ஆகிய இரு பொருளியல் அறிஞர்கள் தனித்தனியே இதற்கு விளக்கம் அளித்தனர். ஒரு நாட்டில் தொழிற்சாலைகளிலும் நவீனத் தொழில்களிலும் ஒரு தொழிலாளியின் உற்பத்தித்திறன் உயர்ந்தால், அங்கு கூலி உயரும். அந்தக் கூலி உயர்வு அத்துறைகளோடு நின்றுவிடாது. முடிதிருத்துபவரும் சமையல்காரரும் அந்த வேலைகளுக்குப் போய்விடாமல் தம் தொழிலிலேயே இருக்கவேண்டுமானால், அவர்களுக்கும் அதற்கேற்ற கூலி கிடைத்தாக வேண்டும். எனவே உற்பத்தித்திறன் மிக்க நாட்டில் எல்லாச் சேவைகளும் விலையுயர்ந்தவையாகின்றன. திருச்சிக்காரர் தம் கத்தரிக்கோலோடு விருப்பம்போல் நியூ ஜெர்ஸிக்குப் போய்க் கடை திறக்க முடியுமானால் இந்த இடைவெளி குறைந்துவிடும். குடிவரவுச் சட்டங்கள் அதற்கு இடம் தருவதில்லை.

இதன் அளவு எத்தகையது? சந்தையில் ஒரு டாலர் வாங்க எண்பது ரூபாய்க்கு மேல் தரவேண்டும். ஆனால் அமெரிக்காவில் ஒரு டாலர் வாங்கித் தருவதை இந்தியாவில் சுமார் 20 ரூபாய் வாங்கித் தரும் என்று உலக வங்கி ஒருங்கிணைக்கும் பன்னாட்டு விலை ஒப்பீடு காட்டுகிறது. இந்த வேறுபாட்டின் பெரும்பகுதி சேவைகளின் விலையிலிருந்து வருவது. வேறு சொற்களில் சொன்னால், மனித உழைப்பு இங்கே மலிவாக இருப்பதிலிருந்து வருவது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எங்கள் தெருவில் நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் வந்து பாத்திரம் தேய்த்து, வீடு பெருக்கித் துடைத்துப் போகும் பெண்மணிக்கு மாதம் 2,500 ரூபாய் தருகிறார்கள். மணிக்கு 83 ரூபாய். நியூ ஜெர்ஸியில் 2025-ஆம் ஆண்டுக்குச் சட்டம் வகுத்த குறைந்தபட்ச ஊதியம் பெரும்பாலான வேலைகளுக்கு மணிக்கு 15.49 டாலர். நம் பணத்தில் ஏறத்தாழ 1,300 ரூபாய், 15 மடங்கு.

இனி, சென்னையில் ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாய் வாங்கும் ஒரு கணினிப் பொறியாளர், அமெரிக்காவில் ஆண்டுக்கு 1,20,000 டாலர் சம்பளத்தில் சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 2,000 மணி நேர வேலை என்று கொண்டால், சென்னையில் அவருடைய ஒரு மணி நேர வருமானம் 1,000 ரூபாய். அதைக் கொண்டு வீட்டு வேலை செய்பவர் ஒருவருடைய 12 மணி நேரத்தை அவர் வாங்க முடியும். அமெரிக்காவில் அவருடைய ஒரு மணி நேர வருமானம் 60 டாலர். அது குறைந்தபட்ச ஊதியக் கணக்கிலேயே நான்கு மணி நேரத்தைக்கூட முழுதாக வாங்காது. வரி போனபின் இன்னும் குறையும். டாலர் கணக்கில் அவர் செல்வராகிவிட்டார். பிறருடைய உழைப்பை விலைக்கு வாங்கும் ஆற்றல் என்ற கணக்கில் அவர் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டார். 'அங்கே பணம் இருக்கிறது, சுகம் இல்லை' என்று நம் பிள்ளைகள் சொல்வதன் பொருளியல் இதுதான்.

சிங்கப்பூர் சொல்லும் சான்று

இந்த விளக்கம் சரியா என்று சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. சிங்கப்பூரும் அமெரிக்காவைப் போல் செல்வம் மிகுந்த நாடு. அங்கு குடியேறிய தமிழ்க் குடும்பங்களும் ஊரை நினைத்து ஏங்குகின்றன. ஆனால் வீட்டு வேலைக்கு ஆள் இல்லையே என்ற புலம்பல் அங்கே அவ்வளவாக எழுவதில்லை. காரணம், அந்நாடு 1978 முதல் ஒரு தனித் திட்டத்தின்கீழ் வெளிநாட்டுப் பணிப்பெண்களை அனுமதித்துவருகிறது. இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், மியன்மார், இந்தியா முதலிய நாடுகளிலிருந்து வந்த இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அங்கு வீடுகளில் தங்கி வேலை செய்கிறார்கள். நாடு முழுவதற்குமான பொதுவான குறைந்தபட்ச ஊதியச் சட்டம் அங்கு இல்லை. வளைகுடா நாடுகளிலும் ஏறத்தாழ இதே நிலைதான்.

ஆக, வசதி என்பது நாட்டின் செல்வத்தைப் பொறுத்ததாக இல்லை. தம்மைவிட மிகக் குறைந்த கூலிக்கு உழைக்க ஆள் கிடைக்கிறாரா என்பதைப் பொறுத்தே அது அமைகிறது. ஊரில் நாம் அனுபவித்த சுகத்தில் ஒரு பகுதி, ஏழைகள் தம் குறைந்த கூலியின் வழியாக நமக்கு அளித்துவந்த மானியம்.

அந்த மானியத்தை அளிப்பவருக்கும் குடும்பம் உண்டு. தமிழகத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் வீட்டு வேலைக்காக வளைகுடாவுக்குச் செல்லும் பெண்கள், தம் பிள்ளைகளைத் தாயிடம் ஒப்படைத்துவிட்டுப் போகிறார்கள். வெளிநாட்டு வாழ்க்கைக்குப் பழகுவது அவர்களுக்கும்தான் கடினம். 30 வயதுக்கு உட்பட்ட பெண்கள் குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் நாடுகளுக்கு இவ்வேலைக்குச் செல்ல நம் அரசு அனுமதிப்பதில்லை. பாதுகாப்புக்காக வகுத்த விதி அது. ஆனால் முறையான வழி அடைபடும்போது சிலர் இடைத்தரகர்களின் முறையற்ற வழியில் போய்ச் சிக்கிக்கொள்ளும் அபாயமும் அதில் இருக்கிறது. நாம் 'பிள்ளைகள் வெளிநாட்டில் சிரமப்படுகிறார்கள்' என்று பேசும்போது இந்தப் பெண்கள் நம் நினைவில் வருவதில்லை.

குடும்பத்துக்குள் யார் ஈடுசெய்வது?

கூலிக்கு ஆள் வைக்க இயலாதபோது அந்த வேலை மறைந்துவிடுவதில்லை. யாரோ ஒருவர் செய்தாக வேண்டும். ஒரு பகுதியை இயந்திரம் செய்கிறது. கூலி உயர்ந்த நாட்டில் இயந்திரத்தைப் பயன்படுத்துவது லாபமாகிறது. பாத்திரம் கழுவும் இயந்திரம் அமெரிக்க வீடுகளில் சாதாரணமாகவும் நம் வீடுகளில் அரிதாகவும் இருப்பதற்குக் காரணம் இதுவே. மிஞ்சியதைக் குடும்பத்தார் செய்கிறார்கள். குடும்பத்தாருள் யார் என்பதுதான் கேள்வி.

பல வீடுகளில் விடை, மனைவி. எச்-1பி விசாவில் செல்பவரின் வாழ்க்கைத்துணைக்கு எச்-4 விசா கிடைக்கும். அதை வைத்துக்கொண்டு பொதுவாக வேலைக்குச் செல்ல முடியாது. 2015 மே முதல், நிரந்தரக் குடியுரிமை நோக்கிய நடைமுறையில் குறிப்பிட்ட கட்டத்தைத் தாண்டியவர்களின் துணைக்கு மட்டும் பணி அனுமதி வழங்கப்படுகிறது. அதுவரை, பொறியியலோ மருத்துவமோ படித்த பெண்ணும் வீட்டோடு இருக்கவேண்டியதுதான். வேலைவாய்ப்பு வழியிலான நிரந்தரக் குடியிருப்பு அனுமதியில் எந்த ஒரு நாட்டுக்கும் ஆண்டுக்கு 7 விழுக்காட்டுக்கு மேல் பொதுவாக இல்லை என்ற வரம்பு இருப்பதால், இந்தியர்களின் காத்திருப்பு ஆண்டுக்கணக்கில் நீளுகிறது. ஊரில் சம்பாதித்துக்கொண்டிருந்த பெண், அங்கே ஊதியமில்லாத முழுநேர வீட்டு உழைப்பாளியாகிறாள்.

மற்றொரு விடை, பாட்டி. அமெரிக்காவில் ஊதியத்துடன் கூடிய பேறுகால விடுப்பு தேசிய அளவில் சட்டமாக இல்லை. 1993-இல் இயற்றப்பட்ட சட்டம், தகுதியுள்ள ஊழியர்களுக்கு 12 வாரம் ஊதியமில்லாத விடுப்பை மட்டுமே உறுதிசெய்கிறது. நம் நாட்டில் 2017 முதல், சட்டத்தின் வரம்புக்குள் வரும் பெண்களுக்கு 26 வாரம் ஊதியத்துடன் விடுப்பு உண்டு. அங்கே குழந்தைக் காப்பகக் கட்டணமோ நடுத்தரக் குடும்பத்துக்குப் பெருஞ்சுமை. எனவே பிரசவம் என்றதும் ஊரிலிருந்து அம்மா புறப்படுகிறார். வருகையாளருக்கு ஒரு முறை தங்க வழக்கமாக ஆறு மாதம் அனுமதி. பெண்ணைப் பெற்றவர்கள் ஆறு மாதம், பிள்ளையைப் பெற்றவர்கள் ஆறு மாதம் என்று முறைவைத்துப் போகும் குடும்பங்கள் எங்கள் காலனியிலேயே பல.

இதில் அன்பு இல்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பேரக்குழந்தையைத் தூக்கும் கைக்குக் கூலி கேட்பார் உண்டா? ஆனால் அறுபது வயதைத் தாண்டிய ஒரு பெண், மொழி பழகாத ஊரில், காரின்றி வெளியே இறங்க முடியாத ஒரு புறநகரில், பத்தியச் சமையலும் குழந்தை வளர்ப்பும் துணி மடிப்பதுமாக ஆறு மாதம் கழிப்பது உழைப்பு என்பதையும் யாரும் மறுக்க முடியாது. நோய் வந்தால் பயணக் காப்பீடு பெரும்பாலும் பழைய நோய்களை விலக்கிவிடுகிறது. வீட்டுப் பணிப்பெண்ணை ஒருவர் மணந்துகொண்டால் தேசிய வருமானம் குறைந்துவிடும் என்று ஆங்கிலப் பொருளியலறிஞர் பிகு நூறாண்டுகளுக்கு முன்பே சுட்டிக்காட்டினார். வேலை மாறவில்லை, ஊதியம் நின்றுவிட்டதால் கணக்கிலிருந்து விழுந்துவிட்டது. பாட்டியின் உழைப்பு அமெரிக்காவின் கணக்கிலும் இல்லை, இந்தியாவின் கணக்கிலும் இல்லை.

மூன்றாவது விடையும் உண்டு. மகிழ்ச்சி தரும் விடை அது. இங்கே இருந்தவரை குக்கர் எந்த அலமாரியில் இருக்கிறது என்று அறியாத ஆண்கள், அங்கே சமைக்கிறார்கள், கழிப்பறை கழுவுகிறார்கள், குழந்தைக்குத் துணி மாற்றுகிறார்கள். என் மருமகனிடமும் இதைக் கண்டேன். அது வெறும் மனமாற்றம் மட்டும் என்று நான் நினைக்கவில்லை. அடுத்தவர் நேரம் விலை உயர்ந்ததாகும்போது, வீட்டிலுள்ள இன்னொருவரின் நேரமும் கண்ணுக்குத் தெரியத் தொடங்குகிறது. இந்தியாவிலோ, 2024-ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லா வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 289 நிமிடம் செலவிடுகிறார்கள். அவ்வேலைகளில் ஈடுபடும் ஆண்கள் செலவிடுவது 88 நிமிடம்.

விலைக்கு வராதவை

எல்லா இழப்பையும் கூலிக் கணக்கில் அடக்கிவிட முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். வீட்டுச் சாவியை நம்பிக் கொடுத்துவிட்டுப் போக ஓர் அண்டைவீடு, ஆத்திர அவசரத்துக்கு நள்ளிரவில் கதவைத் தட்டக்கூடிய ஓர் உறவு, இவை விலைக்கு வாங்கியவையல்ல. பல ஆண்டுகள் கொடுத்தும் வாங்கியும் சேர்த்த ஒருவகைக் காப்பீடு அது. அதை விமானத்தில் ஏற்றிக்கொண்டு போக முடியாது. போன இடத்தில் புதிதாகத்தான் சேர்க்கவேண்டும்.

நம்மவர் அதைச் சேர்க்கவும் செய்கிறார்கள். வட அமெரிக்காவின் தமிழ்ச் சங்கங்கள் 1987-இல் ஒரு பேரவையாக இணைந்தன. வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளைப் பெற்றோரே ஆசிரியர்களாக இருந்து நடத்துகிறார்கள். ஒரு வீட்டில் குழந்தை பிறந்தால், மற்ற வீடுகள் நாள் பிரித்துக்கொண்டு ரசமும் சோறும் சமைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பதை நான் கண்டிருக்கிறேன். இந்தக் குடும்பங்கள் சொந்தமும் அல்ல, ஒரே ஊரும் அல்ல. பல சமயம் ஒரே சாதியும் அல்ல. இங்கே தெருவும் உறவும் வகுத்துத் தந்த எல்லைக்குள் நின்ற பரிமாற்றம், அங்கே தேவையின் காரணமாகச் சற்று விரிந்திருக்கிறது.

நாம் கற்க வேண்டியது

வெளிநாட்டில் உள்ள நம் பிள்ளைகள் இன்று எதிர்கொள்வதை நாளை நாமும் எதிர்கொள்வோம். தமிழகத்தில் குழந்தைப் பிறப்பு விகிதம் ஈடுசெய்யும் அளவைவிடக் குறைந்து ஆண்டுகள் பல ஆகின்றன. பெண் பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போகிறார்கள். பாத்திரம் தேய்க்க வரும் அம்மாவின் மகள் அந்த வேலைக்கு வரமாட்டாள். வரக் கூடாது என்பதற்காகத்தானே அவர் அவ்வளவு வீடுகளில் உழைக்கிறார்! 'வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை' என்று நாம் அலுத்துக்கொள்வது, வேறொரு கோணத்தில், வளர்ச்சியின் செய்தி.

அந்த மாற்றத்துக்கு இப்போதே ஆயத்தமாவது நல்லது. வீட்டு வேலை செய்வோர்க்கு எழுத்துப்பூர்வ ஒப்பந்தம், வார விடுமுறை, நோய்க்கால ஊதியம் ஆகியவை வேண்டும். வீட்டுப் பணியாளர்களின் உரிமைக்காகப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2011-இல் நிறைவேற்றிய 189-ஆவது உடன்படிக்கையை இந்தியா இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை. தமிழகத்தில் 2007 முதல் வீட்டுப் பணியாளர் நல வாரியம் இருக்கிறது. நம் வீட்டுக்கு வருபவர் அதில் பதிவு செய்திருக்கிறாரா என்று கேட்டறிந்து உதவ நமக்கு ஒரு நாள் போதும்.

வெளிநாட்டுக்குப் புறப்படும் இளம் தம்பதியர், எவ்வளவு சம்பளம் என்று கணக்கிடும்போதே வீட்டு வேலைகளை யார் யார் செய்வது என்றும் பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும். அம்மாவின் ஆறு மாதத்தைக் கணக்கில் எடுப்பவர்கள், அவருடைய உடல்நலத்தையும் விருப்பத்தையும் முதலில் கேட்க வேண்டும். ஆண் பிள்ளைகளுக்கு அடுப்பங்கரை வேலையை அமெரிக்கா கற்றுத்தரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அதைப் பள்ளிப் பருவத்திலேயே நம் வீட்டில் கற்றுத்தரலாம்.

நம் பிள்ளைகள் அங்கே ஊரின் வசதிகளை நினைத்து ஏங்குவது இயல்பே. அதில் குறை காண ஒன்றுமில்லை. அந்த வசதிகளை அவர்களுக்கு இத்தனை காலம் அளித்துவந்தவர்களுக்கு உரிய கூலியும் ஓய்வும் மரியாதையும் கிடைக்கச் செய்யும் பொறுப்பு, இங்கே இருக்கும் நம்முடையது.